பற்றரி மாற்ற நாமும் பழகுவோம்



1990களில் வடக்கிற்குப் பற்றரி கொண்டுசெல்லத் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் உங்களில் பலர். பற்றரியின் அருமை உங்களுக்குத் தெரியும். குளிரில் அதன் வலு குறையும். பூண்டுலோயாவில் விடியற்காலை மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்றைய வேலை போய்விடும்.

ஹோர்ன் சத்தம் மெலிந்து, விளக்கு மங்கினால் உடனே புதிது வாங்காதீர்கள். வயரைக் கழற்றி, முனைகளில் படிந்த வெள்ளைப் படிவை அப்பச்சோடா கரைத்த நீர் தொட்ட துணியால் துடையுங்கள். பின்பு மீற்றர் வைத்துப் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பற்றரி ஏறக்குறைய 12.7 காட்டும். எஞ்சினை ஓடவிட்டு முறுக்கினால் 14 அளவுக்கு ஏற வேண்டும். ஏறாவிட்டால் பிழை சார்ஜ் செய்யும் பகுதியில்தான். அதைத் திருத்தாமல் புதுப் பற்றரி போட்டால் அதுவும் இறங்கிவிடும், காசு வீண்.

மாற்றும்போது சாவியை நிறுத்தி, கழித்தல் (-) வயரை முதலில் கழற்றுங்கள்; பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கலாம். பக்கத்தில் விளக்கோ நெருப்போ வேண்டாம். அமிலம் பட்டால் நிறைய நீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பழைய பற்றரியை வீட்டில் உடைக்காதீர்கள். அதிலுள்ள ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து, விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.