எடைக்குப் போட்டால் எவ்வளவு வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று. மூன்று வருடமாக இதே கேள்வி. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். மைத்துனர் கேட்டார். வெல்டிங் வைக்க வந்த பையன் கேட்டான். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் மட்டும் கேட்கவில்லை, பதிலோடு வந்தார். “கிலோ 32 ரூபா போட்டு எடுத்துக்கறனுங்க வாத்தியாரே. கேஸ் கட்டர், ஆளு எல்லாம் நம்மளுது. ஒரே நாள்ல இடத்தைக் காலி பண்ணிக் குடுத்தர்றேன்.” நல்ல மனிதர்தான். எனக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். இதுவரை மூன்று முறை வந்துவிட்டார்.

என் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்பது 1967-ம் வருடத்து டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ் 1210 லாரி. 12 டன் மொத்த எடை, சுமார் 100 குதிரைத்திறன் என்பதுதான் அந்த 1210. இன்றைய வண்டிகளைப் போல முகம் தட்டையாக இல்லாமல் முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம் இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஓட்டைதான் இருக்கிறது. யாரோ நெம்பி எடுத்துப் போய்விட்டார்கள். ஜாம்ஷெட்பூரில் டாட்டாவின் டெல்கோ நிறுவனம் 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது, நட்சத்திரமும் போனது. ஆக, அந்த நட்சத்திரம் வைத்த டாட்டா லாரிகள் நம் நாட்டில் அந்தப் பதினைந்து வருடத்தில் பிறந்தவை மட்டும்தான். இனி ஒன்றுகூடப் பிறக்காது.

எங்கள் சங்ககிரிப் பக்கம் இந்த வண்டிகள் என்ன செய்தன என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்க முடியாமல் தவித்த குடும்பங்கள் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் நகையை அடகு வைத்து ஒரு லாரி வாங்கின. அண்ணன் ஓட்ட, தம்பி கிளீனராகப் போக, அப்பா கணக்கு எழுதினார். ஈரோட்டு மஞ்சள் வடக்கே போனது அந்த வண்டிகளில்தான். இங்கே எத்தனையோ பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் அந்த வண்டிகளின் வாடகையில் கட்டப்பட்டது. இன்று அப்படிப்பட்ட ஒரு வண்டியைப் பார்க்க வேண்டும் என்று என் மாணவன் கேட்டால் எங்கே அழைத்துப் போவேன்? கார் என்றால் கவலையில்லை, கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊட்டிக்கும் சென்னைக்கும் பழைய கார்கள் மாலை போட்டுக்கொண்டு அணிவகுத்துப் போகின்றன, பத்திரிகையில் படம் வருகிறது. நானும் ரசிப்பவன்தான். ஆனால் காரில் போனவர்கள் சிலர். லாரி கொண்டுவந்ததைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும்.

தென்னந்தோப்பு ஒன்றில் வெட்டுவதற்குத் தேதி குறித்து நின்ற இந்த வண்டியை 1,85,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். இரும்பு விலையைவிடக் கூடக் கொடுத்தால்தான் விட்டார்கள். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். எந்திரம் எப்படி ஓடுகிறது என்று கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். துரு ஏறிய போல்டு வேறு பாடம். அதை ஒரு இரவு முழுக்க டீசல் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் கேஸ் வெல்டிங்கில் சூடு காட்டி, கால் சுற்று முன்னால் கால் சுற்று பின்னால் என்று கெஞ்ச வேண்டும். அவசரப்பட்டால் தலை முறிந்துபோகும். அப்புறம் டிரில் போட்டு, மரை வெட்டி, ஒரு போல்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அது உழைப்பு. அதற்கு நான் அழவில்லை. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடியும் காரியத்துக்கு ஐந்து மாதம் வீணாவதுதான் பொறுக்கவில்லை. ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றினேன். மூடிக்கு அடியில் காகிதம் போல மெல்லிய ஷிம்கள் இருந்தன. எத்தனை, எந்த வரிசையில் என்று குறித்துவைக்க வேண்டும் என எனக்கு யாரும் சொல்லவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி ஒரே டப்பாவில் போட்டேன். திரும்பப் பூட்டியபோது ஒருநாள் ஸ்டியரிங் கல்லாக இறுகியது. மறுநாள் கைப்பிடி அளவுக்குச் சும்மா ஆடியது. ஐந்து மாதம் ஷிம்மைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். கடைசியில் எடப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து, பழைய பிளேடால் இடைவெளியை அளந்து, அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். “இதுக்குப் போயி அஞ்சு மாசமா வாத்தியாரே? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பனே” என்றார். அவர் இருப்பதே எனக்குத் தெரியாதே! இந்த வண்டியை அறிந்தவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று எழுதிவைத்த ஒரு தாள் இந்த மாவட்டத்தில் கிடையாது.

சக்கரத்தில் உயிரே போயிருக்கும். இந்த வண்டிக்கு 9.00-20 டயர். ரிம்மில் லாக் ரிங் என்று ஒரு இரும்பு வளையம் டயரைப் பிடித்திருக்கும். துருப்பிடித்த வளையம் சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் ஆளைக் கொன்றுவிடும் வேகத்தில் தெறிக்கும். அந்தக் காலத்துப் பஞ்சர் கடைக்காரர்கள் சங்கிலியால் சுற்றிக் கட்டியோ இரும்புக் கூண்டில் வைத்தோதான் காற்றடிப்பார்கள். இன்றைய பையன் ஒருவன் அதைத் தரையில் போட்டு, பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து ஏர் குழாயைச் சொருகினான். வண்டியைப் பார்க்க வந்திருந்த ஓய்வு பெற்ற ஓட்டுநர் போட்ட சத்தத்தில் அவன் எழுந்து ஓடினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கும் யாரும் சொல்லவில்லை.

பாகங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேக் சிலிண்டர் ரப்பர் கேட்டால், “அந்த மாடலுங்களா? அது எப்பவோ முடிஞ்சு போச்சுங்க.” சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள், கோயம்புத்தூர் உக்கடத்தில் இரண்டு நாள் அலைந்தேன். கிடைத்தது அளவு சேராதது. ஒரு கடையில் பழைய பெட்டியில் போட்டுக் கொடுத்த ரப்பர் கிட் நாற்பது நாளில் ஊதிப் பிதுங்கியது.

என்னை உண்மையாகவே உடைத்துப் போட்டது டீசல் பம்ப். ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர். ஒவ்வொன்றும் எந்த வேகத்தில் எத்தனை சொட்டு டீசல் தள்ள வேண்டும் என்று அளவு உண்டு. ஆறும் சமமாக இருந்தால்தான் என்ஜின் நடுங்காமல் ஓடும். என் வண்டியின் பம்பில், என்ஜின் காற்றை உறிஞ்சும் இழுவையை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய வகைக் கவர்னர். அதற்குள்ளே தோலால் ஆன ஒரு டயாப்ரம். தோல் காய்ந்து கிழிந்தால் கட்டுப்பாடு போய் டீசல் முழுதாகத் திறந்துகொள்ளும், என்ஜின் கன்னாபின்னாவென்று வேகமெடுக்கும். இன்றைய பம்ப் கடைகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. இந்தப் பம்புக்கு என்ன அளவு வைக்க வேண்டும் என்பது அதில் இல்லை.

சேலத்தில் ஒருவரிடம் இருக்கிறது என்றார்கள். நாற்பது வருடம் பம்ப் நாசில் வேலை மட்டுமே பார்த்தவர். வண்டி வாரியாக, பம்ப் நம்பர் வாரியாக, தான் வைத்துச் சரியாக வந்த அளவுகளை எல்லாம் நீல அட்டை போட்ட நோட்டுகளில் தன் கையெழுத்தில் எழுதிவைத்திருந்தாராம். தோலை எந்த எண்ணெயில் எத்தனை நாள் ஊறவைக்க வேண்டும் என்பதுகூட அதில் உண்டாம். விலாசம் தேடிப் போனேன். அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய மருமகள் என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். நோட்டைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறியது. “மாமாவோட நோட்டு எல்லாம் டீசல் கறை புடிச்சு ஒரு மூட்டையாக் கெடந்துதுங்கண்ணா. வீட்டுக்கு வெள்ளை அடிக்கறப்போ பேப்பர்காரர்கிட்டப் போட்டுட்டோம். யாராச்சும் கேட்டு வருவாங்கன்னு நெனைக்கவே இல்லைங்க.”

நாற்பது வருடத்து அறிவு பழைய பேப்பரோடு தராசில் ஏறிப் போய்விட்டது. அந்தப் பெண்மணியை நான் எப்படிக் கோபித்துக்கொள்வேன்? அவருடைய மாமனார் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஐ.டி.ஐ. ஆசிரியராவது, ஒரு உரிமையாளர் சங்கமாவது, பொறியியல் கல்லூரிகள் தெருவுக்குத் தெரு முளைத்த இந்த மாவட்டங்களில் ஒரு பேராசிரியராவது போய், “ஐயா, அந்த நோட்டைக் கொடுங்கள், படி எடுத்துத் தருகிறோம்” என்று கேட்டிருக்க வேண்டாமா? எட்டு மாதம் முன்னால் நான் போயிருக்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கப் போனேன், அங்கே இன்னொரு அடி. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு பழமையான வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து தனியாக நிற்கும். படித்ததும் துள்ளினேன். ஆனால் அந்த விதி இருசக்கர வாகனங்களுக்கும் சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கும் மட்டும்தான். போக்குவரத்து அலுவலகத்தில் பொறுமையாகவே சொன்னார்கள்: “லாரிக்கு அதுல எடமே இல்லைங்க சார். ஒண்ணு எஃப்.சி. பண்ணி ஓட்டுங்க, இல்லாட்டி ஆர்.சி.யை சரண்டர் பண்ணிருங்க.” அதாவது நாளைக்கே சிமென்ட் ஏற்றப் போகும் வண்டியைப் போல ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று), கட்டணம், வரி, இன்சூரன்ஸ். வருடத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்ட நினைக்கும் வண்டிக்கு இது.

நாளை விதியில் லாரியைச் சேர்த்தாலும் ‘மூல வடிவம்’ என்ற சொல் இடிக்கும். கார் தொழிற்சாலையிலிருந்து முழுதாக வெளியே வரும். நம் லாரி அப்படியா வந்தது? சேஸும் என்ஜினும் மூக்கும் மட்டும் வரும். கண்ணாடிக்குப் பின்னால் வெட்டவெளி. அதை ஓட்டுநர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டி வந்து பட்டறையில் விடுவார். கேபினும் தொட்டியும் நம்மூர் ஆசாரிகளின் கைவேலை. தேக்குச் சட்டம், தகரப் போர்வை, நெற்றிப் பலகையில் சாமி பெயர், பெயிண்டர் இழுத்த தாமரை. என் வண்டியின் கேபின் சட்டத்தில் உளி பட்ட தடம் இன்னும் இருக்கிறது. இதில் மூல வடிவம் ஜெர்மனியின் வரைபடமா, நாமக்கல் ஆசாரியின் உளியா? இரண்டும்தான் என்பேன் நான். அதை ஏற்கும் ஒரு வரியை விதி எழுதுபவர்கள் எழுத வேண்டும். பட்டறை முதலாளிகளையும் லாரி உரிமையாளர் சங்கங்களையும் உட்கார வைத்துக் கேட்டால் ஒரே நாளில் எழுதிவிடலாம்.

கடந்த தைப்பூசத்தன்று என்ஜின் ஓடியது. எடப்பாடிப் பெரியவர் பம்பைக் காதால் கேட்டே அளவு வைத்தார். பைப்பைத் தளர்த்தி ஏர் எடுத்து, பேட்டரி கொடுத்து, செல்ஃப் அடித்தோம். நாலாவது முறை வெள்ளைப் புகை, பிறகு கறுப்பு, பிறகு அந்தச் சத்தம். பதினொரு நிமிடம் ஓடியது. தெருவில் போன வயதானவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவர் வண்டியின் மூக்கின் மேல் கையை வைத்தபடி நின்றார், பேசவில்லை. அன்று மட்டும் யாரும் எடைக்கு என்ன வரும் என்று கேட்கவில்லை.

பெரியவருக்கு 78 வயது. வாரம் ஒருமுறை அவரைக் கூட்டிவந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நோட்டு ஆகியிருக்கிறது. இது ஒருவர் தலையில் இருப்பது, அதுவும் ஒரு வண்டிக்கு. மற்ற பழைய லாரிகளான கமெட்டுக்கு, பார்கோவுக்கு, டாட்ஜுக்கு, பெட்ஃபோர்டுக்கு யார் எழுதுவது?

உங்கள் வீட்டில் லாரி ஓட்டியவரோ, மெக்கானிக்கோ, பம்ப் வேலை பார்த்தவரோ, கேபின் கட்டிய ஆசாரியோ இருந்தால் பரணில் ஏறிப் பாருங்கள். கறை படிந்த நோட்டு, கிழிந்த பார்ட்ஸ் புத்தகம், ஆர்.சி. நகல், பட்டறை பில், எது கிடைத்தாலும் பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவர் உயிரோடு இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.