ஐந்து வெள்ளித் தாள்

அண்மையில் ஒரு கடையில் முதியவர் நீட்டிய ஐந்து வெள்ளித் தாளை வாங்க மறுத்து, "இந்தக் காலத்தில் கைப்பேசியில் கட்டத் தெரியாதா?" என்றார் கடைக்காரர். என் மனம் நொந்தது.

கைப்பேசியில் பணம் செலுத்துவது அறிவின் அளவுகோலா? கென்யாவில் 2007-ஆம் ஆண்டு எம்-பெசா தொடங்கியபோது, வங்கிக் கணக்கு இல்லாதோரே மிகுதி. நகரில் உழைத்தவர் ஊருக்குப் பணம் அனுப்பச் சாதாரணக் கைப்பேசியும் முகவர் கடையும் போதுமாயின. வங்கிகள் நிறைந்த ஜெர்மனியிலோ, 2023-இல் மத்திய வங்கி நடத்திய ஆய்வின்படி நூற்றுக்கு 51 கொடுக்கல்கள் ரொக்கத்திலேயே நடந்தன. தேவையும் பழக்கமுமே வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

மலேசியாவில் கியூஆர் குறியீடு பெருகட்டும், வரவேற்போம். ஆயினும், முதியவரின் தாளுக்கும், சிற்றுண்டிச்சாலையில் சில்லறை எண்ணிக் கணக்குப் பழகும் என் மாணவரின் நாணயத்திற்கும் கடைகளில் இடம் இருக்க வேண்டும். சிந்திப்போம்.