எம்பெக்கே தூண்களுக்கு ஒரு முழுக் காலை

கண்டிக்கு வரும் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் முடித்துக்கொண்டு, பொழுது மிஞ்சினால் எம்பெக்கே தேவாலயத்துக்குத் திரும்பும். பிள்ளைகள் இறங்குவார்கள், தூண்களைச் சுற்றி ஓடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள்; விசில் ஊதியதும் ஏறிவிடுவார்கள். இது பெரிய இழப்பு. அந்த மண்டபம் தரும் மகிழ்ச்சி அவசரக்காரர் கையில் அகப்படுவதில்லை.

உடுநுவரவில், 14ஆம் நூற்றாண்டில், கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் எழுந்த கோயில் இது. உள்ளே இருப்பவர் கதிர்காமத் தெய்வம், நம் முருகன். அதன் மேள மண்டபத்தில் செதுக்கு வேலை நிறைந்த 32 மரத்தூண்கள் நிற்கின்றன. கட்டிப் புரளும் மல்லர்கள், ஆடும் பெண், குதிரை வீரன், பாலூட்டும் தாய், இருதலைப் பறவை என்று ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்று.

அவற்றில் அன்னங்கள் உள்ள சதுரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு அன்னங்களின் கழுத்துகள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண் மேலே போகிறது. பின்னலில் தடுமாறி மற்றதன் உடலில் போய் இறங்குகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அப்படி மூன்று நான்கு முறை சுற்றி வருவதற்குள் மனத்தின் பரபரப்பு தானாகவே தணிந்திருக்கும். பல நூறு ஆண்டு வெயிலும் ஈரமும் பட்டு மரம் வெடித்திருக்கிறது. உளி போன பாதை மட்டும் இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

நல்ல பாட்டும் இப்படித்தான். பள்ளியில் பொருள் புரியாமல் மனப்பாடம் செய்த செய்யுள், நாற்பது வயதில் ஒரு துக்க வீட்டிலோ நீண்ட ரயில் பயணத்திலோ திடீரென்று திறந்துகொள்ளும். திரும்பத் திரும்பப் போனவர்களுக்கே அந்தக் கதவு திறக்கிறது. இந்தத் தேவாலயத்தையே பாடிய ‘எம்பெக்கே வர்ணனாவ’ என்ற சிங்களக் கவிதை நூலும் உண்டு. பார்த்த அழகு ஒருவரைப் பாடவும் வைத்திருக்கிறது.

இப்பகுதியின் கலையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஒரு தமிழரின் மகன். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுப் பணிப்பாளராக இருந்தார். கல்லைத் தேடி ஊர் ஊராக அலைந்தவரின் கண் கைவினைஞர் வீடுகளில் நிலைத்துவிட்டது. மனைவி எதெல் படம் எடுக்க, அவர் எழுதிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் இங்கிலாந்தில், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியில், 425 படிகளே அச்சாயிற்று. பாய், பானை, வெற்றிலைப் பை, கதவுப் பூட்டு எல்லாம் அந்நூலில் கலைப் பொருள்களாக இடம்பெற்றன. அன்றாடம் கையில் புழங்கும் பொருளிலும் அழகு குடியிருக்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

அரிசி விலையைப் பார்த்துத் திகைக்கும் குடும்பத்திடம் போய் அன்னத்தையும் தூணையும் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தோட்டத்து லயங்களில் வறுமைக்கு நடுவே பாட்டுகள் பிறந்தன. அவற்றைத் தேடித் தொகுத்தார், 1914இல் பிறந்த மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. தாலாட்டும் ஒப்பாரியும் வசதி வரட்டும் என்று ஒத்திப்போட்ட காரியங்கள் அல்ல.

எம்பெக்கேக்குப் பக்கத்திலேயே, 1344ஐச் சேர்ந்த லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களத்தோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. அதே காலத்துக் கடலாதெணிய விகாரையைக் கட்டிய சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியர். ஆகவே தமிழ்ப் பிள்ளைகள் அங்கே விருந்தாளிகளாகக் கூச்சப்பட்டு நிற்க வேண்டியதில்லை.

கண்டி மாவட்டத் தமிழ்மொழிப் பாடசாலைகள் இந்த ஆண்டே ஒன்று செய்து பார்க்கலாம். சுற்றுலாப் பட்டியலில் மற்ற இடங்களை வெட்டிவிட்டு, எம்பெக்கேக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்கலாம். பிள்ளைக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பிடித்த சதுரம் ஒன்றைப் பார்த்து வரையட்டும், அதைப் பற்றி நான்கு வரி தமிழில் எழுதட்டும். சுறுசுறுப்பான பிள்ளைகளுக்குக் கூரையைக் காட்டலாம்: 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து பூட்டிக்கொள்கின்றன. அதை வரைந்து முடிக்க அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வரை தேவைப்படும்.