கடன் கட்டுவோம், கூனிக் குறுக மாட்டோம்

"சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார்."

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற தம்பி சொன்னான். கையில் கல்விக்கடன் நோட்டீஸ். அதை உறையில் போட்டு ஒட்டி அனுப்பியதே நான்தான். பொறியியல் முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிற நம்ம காலனிப் பிள்ளை. நான் ஒன்றும் சத்தம் போடவில்லை. பாக்கி எவ்வளவு என்று சொன்னேன், அவ்வளவுதான். அது பக்கத்தில் நிற்கிறவர் காதில் விழுந்துவிடக் கூடாதாம்.

அதே நேரத்தில் மேலாளர் அறையில் ஒரு பெரிய மனுசர். அரவை மில்லுக்கு வாங்கிய கடன் வாராக்கடனாகி வருசக்கணக்காச்சு. ஒருமுறைத் தீர்வு பேச வந்திருக்கிறார். வட்டியைத் தள்ளு, அசலிலும் கொஞ்சம் தள்ளு என்று அவர் பேசுகிற பேச்சு தெருவுக்குக் கேட்கிறது. உள்ளே காப்பி போகிறது.

தோழர்களே, ஒரே வங்கி. இருவரும் கடன்பட்டவர்கள். ஒருத்தர் குரல் தெரு வரைக்கும் போகிறது. இன்னொருத்தன் குரல் தொண்டைக்குழியிலேயே செத்துப்போகிறது. ஏன்?

கடனை எப்படி அடைப்பது என்று யோசனை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அடைத்து முடிக்கிற அந்த அஞ்சு வருசம், பத்து வருசம் மனுசன் எப்படித் தூங்குவது, எப்படிச் சோறு தின்பது, எப்படி நாலு பேர் முகத்தைப் பார்ப்பது என்று நம்ம இயக்கங்களில்கூட யாரும் பேசுவதில்லை. பேசுவோம்.

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருசத்துக்கு முன்னால் என் கடன் 11 லட்சத்து 40 ஆயிரம். அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு ஒன்றரை வருசம் டயாலிசிஸ். நடுவில் தங்கை கல்யாணம். அப்புறம் அப்பாவின் காரியம். தனிநபர் கடன் நாலரை லட்சம், ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் 3 லட்சம், மனைவியின் நகைமேல் 1 லட்சத்து 60 ஆயிரம், வெளியே மூணு வட்டிக்கு ஒன்றரை லட்சம், கைமாத்து 80 ஆயிரம். நான் குடிக்கிறவன் இல்லை, சீட்டாடுகிறவன் இல்லை.

பார்த்தீர்களா, இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. கேட்பதற்கு முன்னாலேயே நல்லவன் என்று சத்தியம் பண்ண வேண்டியிருக்கிறது. அந்த மில்காரரிடம் "குடிப்பீங்களா?" என்று யாராவது கேட்டார்களா?

இன்னொரு வேடிக்கை. கடன் கொடுத்தே பிழைக்கிறது வங்கி. அந்த வங்கியின் குமாஸ்தாவுக்கு, நிர்வாகம் அளவுக்கு மீறியது என்று கருதுகிற கடன் இருந்தால் அது ஒழுங்கீனம். எங்கள் நடத்தை விதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே நான் கடனை ஒளித்தேன். சங்கத் தோழர்களிடம் ஒளித்தேன். மனைவியிடம் பாதியைச் சொல்லிப் பாதியை ஒளித்தேன். வட்டிக்காரர் கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போனேன். போன் அடித்தால் வயிறு கலங்கும். கூட்டங்களுக்குப் போவதை நிறுத்தினேன். உண்டியல் வந்தால் என்ன பண்ணுவது என்ற பயம். இரண்டு வருசம் ஒரு கவிதை எழுதவில்லை. பேனாவை எடுத்தால் கை தானாகக் கூட்டல் கணக்குப் போடும்.

அம்மாதான் கேட்டாள். கூலிக்கு நாத்து நட்டு என்னைப் படிக்க வைத்தவள். "ஏன்டா, பணத்தத்தானே கடன் வாங்குன? மூஞ்சியையும் சேத்தா அடகு வச்ச?"

அன்றைக்கு ராத்திரி அவள் தன் அப்பன் கதையைச் சொன்னாள். கீழத்தஞ்சையில் பண்ணையாள். கல்யாணத்துக்கு ஆண்டையிடம் வாங்கிய பணமும் நெல்லும்தான் கடன். அது தீரவே இல்லை. எவ்வளவு என்று தாத்தாவுக்குத் தெரியாது. கணக்கு ஆண்டையிடம். தாத்தாவிடம் இருந்ததெல்லாம் குனிந்த தலை. சவுக்கடியையும் சாணிப்பாலையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். சவுக்கு எப்போதாவது ஒரு நாள்தான் வெளியே வரும். மற்ற நாளெல்லாம் வேலை செய்தது கடன்தான். 'சோறு போட்டவர், கல்யாணம் பண்ணி வச்சவர்' என்ற விசுவாசம்தான்.

1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து கொத்தடிமைக் கடன்கள் செல்லாது என்றது. கடன் செல்லாது என்று சட்டம் போடலாம். குனிந்த தலை செல்லாது என்று எந்தச் சட்டமும் போட முடியாது. அது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. கவுன்ட்டரில் அந்தத் தம்பி தாழ்த்திய குரல், என் தாத்தா ஆண்டை வாசலில் தாழ்த்திய குரல்தான்.

நம்ம பாஷையில் வசவுகளைக் கவனியுங்கள். சண்டாளா! கடங்காரா! ஒன்று சாதி, இன்னொன்று இல்லாமை. கடன் கொடுத்தவனும் கடன்காரன், வாங்கியவனும் கடன்காரன் என்றுதான் தமிழ் சொல்கிறது. வசவாகும்போது மட்டும் அது வாங்கியவன் தலையில் வந்து விழுகிறது. கடன்பட்டவன் நெஞ்சு கலங்கும் என்று கம்பன் பாடியதாக ஒரு வரியை மேடை தவறாமல் முழங்குவார்கள். அந்த வரி கம்பராமாயணத்தில் இல்லை. இல்லாத வரியைக்கூட நம்மைக் கலங்கடிக்கக் கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

இப்போது தொழில் ரகசியத்துக்கு வருகிறேன். பிணையம் இல்லாக் கடன் என்கிறார்களே, அப்படி ஒன்று கிடையாது. 4 லட்சம் வரை கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்பதில்லை. ஆனால் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. நோட்டீஸ் அவருக்கும் போகும். தெருவில் தபால்காரர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். மகளிர் குழுக் கடனுக்கும் சொத்து வேண்டாம். ஒருத்தி தவணை தவறினால் வசூல்காரர் மெனக்கெட வேண்டியதில்லை, கூட இருக்கிற பெண்களே அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். செல்போன் செயலியில் கடன் வாங்கினால் உன் போனில் இருக்கிற அத்தனை பேர் எண்ணும் அவன் கையில். நாளைக்கு உன் மாமியாருக்கும் முதலாளிக்கும் உன் படம் போகும். இவை எல்லாவற்றிலும் அடகு வைத்தது என்ன? மானம். நமக்கு நிலம் இல்லை. அதனால் மானத்தை எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

அதற்கு விலையும் நம்மிடமே வாங்குகிறார்கள். தண்டல்காரர் 10 ஆயிரம் என்று எழுதி 8,500 கையில் தருவார். தினம் 100 ரூபாய், 100 நாள். '1,500 தானே' என்று தோன்றும். தினம் தினம் அசல் குறைவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 சதவீதம். கடைகளில் '12 சதவீதம் பிளாட் ரேட்' என்று தருகிற மூன்றாண்டுத் தவணையின் உண்மையான வட்டி 21 சதவீதம். என் மூணு வட்டிக்கு மாதம் 4,500, வருசம் 54 ஆயிரம். அசல் அப்படியே உட்கார்ந்திருக்கும். இந்தக் கணக்கை உரக்கக் கேட்கத் துணிகிறவன் மூணு வட்டிக்கு வாங்க மாட்டான். வெட்கப்படுகிறவன்தான் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுவான்.

இந்த வெட்கம் கொல்லும் தோழர்களே. 2016-இல் மதுரையில் கல்விக்கடன் வசூல் நெருக்கடியில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டான். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில், கந்துவட்டிக்கு எதிராகத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்தும் பலனில்லாத ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பச்சைப் பிள்ளைகளோடும் எரிந்துபோனான். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. பதினாலு வருசம் அது யார் மேசையில் தூங்கியது?

மில்காரர்கள் பக்கம் பாருங்கள். 2014-15 முதல் 2023-24 வரை பத்தாண்டுகளில் வங்கிகள் சுமார் 16 லட்சத்து 35 ஆயிரம் கோடி ரூபாயைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுதித் தள்ளியிருக்கின்றன என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சரே சொன்னார். வங்கிக்காரன் என்ற முறையில் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதித் தள்ளுவது தள்ளுபடி இல்லை. கடன் அப்படியே இருக்கும், வசூல் தொடரலாம். சரி, தொடரட்டும். அந்தக் கடனாளிகளில் எத்தனை பேர் வாசலில் ஆள் உட்கார்ந்தது? எத்தனை பேர் 'மெதுவாப் பேசுங்க' என்று கெஞ்சினார்கள்? அவர்களுக்குக் கடன் என்பது தொழில். நமக்கு மட்டும் அது ஒழுக்கமாம்.

'அப்படியானால் கட்டாதே என்கிறாயா?' என்று கேட்பீர்கள். இல்லை. நான் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு 7 லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறேன். பேரேட்டில் இருப்பதைக் கட்டுவோம். பேரேட்டில் இல்லாத ஒன்றைத் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறோமே, அதை நிறுத்துவோம்.

அண்ணலும் கடன்பட்டவர்தான். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா போனார். திரும்பி வந்து பத்தாண்டு சமஸ்தானத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம். 1917-இல் அந்தக் கடனை உழைத்துக் கழிக்கத்தான் பரோடா போனார். பார்சி விடுதியில் தடியோடு வந்து விரட்டினார்கள். தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. கழிக்கவிடாமல் செய்தது எது? சாதி. அப்புறம் 1920-இல் நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கிக்கொண்டு லண்டன் போய்ப் படிப்பை முடித்தார். 1923-இல் ரூபாயைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். கையில் காசில்லாமல் கடனில் படித்த மனுசர், ரூபாயை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்! கடன் அவர் தலையைக் குனிய வைத்ததா?

அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். 'பாசிட்டிவா இருங்க' என்று கோட்டு போட்டவர்கள் சொல்கிற உபதேசம் இல்லை இது. ஒரே ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுது. எழுதாத கடன்தான் ராத்திரியில் பெருகும். அதை ஒரு ஆளிடம் காட்டு, மனைவியோ தோழரோ. நான் காட்டிய அன்றைக்குத்தான் இரண்டு வருசத்துக்கு அப்புறம் விடியும்வரை தூங்கினேன். அதிக வட்டியை முதலில் அடை. பி.எஃப்.-இல் கடன் போட்டு மூணு வட்டியைத்தான் நான் முதலில் முடித்தேன். தவணையை நீட்டிக் கேட்க வேண்டுமென்றால் வங்கிக்கு எழுத்தில் கேள், பதிலும் எழுத்தில் வாங்கு. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் ராத்திரி 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, நுண்கடன் என்றால் 9-க்கு முன்னும் 6-க்குப் பின்னும் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. சொந்தக்காரர்களைத் தொல்லை பண்ணவும் கூடாது. இதை அவர்களிடமே சொல்லு. சொல்லும்போது குரல் நடுங்கும், பரவாயில்லை. வாரத்தில் ஒரு சாயங்காலம் கணக்குப் பார்க்காதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போ. கடன்பட்டவன் சிரிக்கக் கூடாது என்று எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை. செத்துவிடலாம் என்று நினைப்பு வந்தால் அந்த நிமிசமே 14416-க்கோ 104-க்கோ போன் போடு. அதற்குக் காசு கிடையாது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு.

ஒரு கடன் முடிந்த நாளில் சந்தோசம் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதே. எனக்கு வரவில்லை. வெறுமையாக இருந்தது. பயந்து பழகின உடம்பு அது. பழக்கம் விட நாளாகும்.

கடைசியாக நம்ம தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 'நம்ம சனங்க ஆடம்பரத்துல கடனாளி ஆயிடுறாங்க' என்று மேடையில் பேசாதீர்கள். அது ஆண்டை பேசிய பேச்சு. டயாலிசிஸ் ஆடம்பரமா? காலேஜ் பீஸ் ஆடம்பரமா? கூட்டத்துக்கு வருவதை ஒரு தோழன் நிறுத்திவிட்டால் 'போராட்டக் குணம் போச்சு' என்று தீர்ப்புச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். மாதத்தில் ஒரு நாள் கிளை அலுவலகத்தில் உட்கார்ந்து சனங்களின் கடன் தாள்களை வாங்கிப் படியுங்கள். என்னைப் போல வங்கியில் இருக்கிறவர்கள் வட்டிக் கணக்குப் போட்டுத் தருவோம். கல்லூரித் தோழர்கள் மனு எழுதித் தாருங்கள். குழுப் பெண்கள் ஒருத்தி வாசலில் போய் உட்காரும் நாளில், அவளுக்குப் பக்கத்தில் நம்ம ஆட்கள் நாலு பேர் உட்காரட்டும்.

அந்தத் தம்பியைச் சாப்பாட்டு வேளையில் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். என் கடன் எவ்வளவு என்று முதலில் நான் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "உன்னது எவ்வளவு? சத்தமாச் சொல்லுப்பா" என்றேன். ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான்.

"வட்டியோட சேத்து நாலு லட்சத்துப் பத்தாயிரம்ணே."

டீக்கடைக்காரர் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பால் பொங்கியது, இறக்கப் போய்விட்டார். நாங்கள் ஒரு தாளை எடுத்துக் கணக்கு எழுத ஆரம்பித்தோம்.