ஒப்புநோக்குநர் இல்லாத இடமாற்றம்

பத்திரிகைகளின் பழைய இணையப் பதிவுகளைப் புதிய தரவுத்தளங்களுக்கு மாற்றுவது வரவேற்க வேண்டிய பணியே. ஆயினும், அப்போது தமிழ் எழுத்துகளுக்கு நேரும் கதி பற்றி, நீண்டகாலம் இத்துறையில் இருந்தவன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகின்றேன்.

யூனிகோட் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடமளித்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தட்டச்சுச் செய்தோம். பாமினியில் ‘தமிழ்’ என எழுதினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. இதை யூனிகோட்டுக்கு மாற்றும் செயலி, செய்தியின் இடையே உண்மையான ஆங்கிலச் சொல் வந்தால் அதனையும் பொருளற்ற தமிழாக்கிவிடும்.

யூனிகோட்டில் எழுதியவையும் தப்புவதில்லை. யூடிஎஃப்-8 முறையில் ‘த’ என்ற எழுத்து மூன்று பைட்டுகள். அவற்றை லத்தீன்-1 எனக் கருதித் திறந்தால் மூன்று விநோதக் குறிகள் தோன்றும். பைட்டுகள் மாறாதிருந்தால் இதனை மீட்டுவிடலாம். ஆனால், தமிழுக்கு இடமில்லாத லத்தீன்-1க்கே மாற்றிச் சேமித்தால் எஞ்சுவன கேள்விக்குறிகள் மட்டுமே. அவற்றிலிருந்து மூலத்தை மீட்க வழியில்லை. மைஎஸ்கியூஎல் மென்பொருள், 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை, வேறு தெரிவு செய்யாதவர்களுக்கு லத்தீன்-1ஐயே வழங்கியது. தரவுத்தளத்தில் உள்ள படங்களோ எழுத்தே அல்ல, பைனரித் தரவுகள். அவற்றையும் எழுத்து மாற்றத்துக்கு உட்படுத்தினால் படம் சிதைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு கணினி என்ன சொல்லும்? இத்தனை ஆயிரம் பதிவுகள் ஏற்றப்பட்டன என்று சொல்லும். எண்ணிக்கை சரியாகவே இருக்கும்; உள்ளே கேள்விக்குறிகள் இருக்கும். இழக்கப்படுவது பழைய அரசியல் செய்திகள் மட்டுமல்ல. மரண அறிவித்தல்களில் உள்ள பெயர்களும், ஊர்களும், உறவுமுறைகளும் அவற்றோடு போகின்றன. போரினால் சிதறி உலகெங்கும் வாழும் சில குடும்பங்களுக்கு அவையே எஞ்சியுள்ள சான்று.

ஆகவே நிர்வாகங்களிடம் நான் வேண்டுவது இதுதான். மூலக் கோப்பின் பிரதியொன்றைக் கைபடாமல் பாதுகாத்து, எந்த ஆண்டுப் பதிவு எந்த எழுத்துருவில் உள்ளது என்று குறித்து வையுங்கள். முதலில் சிறு பகுதியை ஏற்றித் தமிழறிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். அதுவரை பழைய வழங்கியை மூடாதீர்கள்.

ஈய அச்சுக் காலத்திலும் ஒப்புநோக்குநர் பார்க்காத பக்கம் அச்சுக்குச் செல்வதில்லை. பல்லாண்டுப் பக்கங்களை ஒரே இரவில் இடமாற்றும்போது மட்டும் அவர் எதற்காகத் தேவையற்றவராகிவிட்டார்?