கைம்பெண்ணும் கிராம நிர்வாக அலுவலரும்

விதவையின் துயரத்தைப் பற்றி நம் சீர்திருத்தக்காரர்கள் எழுதிக் குவித்தவற்றில் பெரும்பாலும் நடமாடியவள் அக்கிரகாரத்துப் பால்ய விதவையே; அவளை எண்ணித்தான் 1856இல் மறுவிவாகச் சட்டம் பிறந்தது, அவளை எண்ணித்தான் சகோதரி சுப்பலட்சுமி சென்னையில் இல்லம் நடத்தினார். அவை புண்ணிய காரியங்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மணப்பாறையைத் தாண்டித் திண்டுக்கல் செல்லும் வழியில், வையம்பட்டியைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியில், கடலை பறித்தும் ஆடு மேய்த்தும் பிழைக்கும் ஒருத்தி தாலியறுத்தால் அவளுக்கு நேர்வது வேறொரு கஷ்டம். கணவனை இழந்தவள் மறுபடி மணந்துகொள்ளும் ‘அறுத்துக்கட்டும்’ வழக்கம் உழைக்கும் சாதிகள் பலவற்றில் முன்பே இருந்தது. அந்தச் சட்டம் அவர்களுக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை. மறுமணம் செய்துகொண்டவள் முதற்கணவன் சொத்தில் உள்ள பாத்தியதையை இழப்பாள் என்று விதித்த அதன் இரண்டாம் பிரிவோ, ஏழைக் கூலிக்காரியைக் கோர்ட்டு வாசலுக்கும் இழுக்கத் தக்கதாயிருந்தது.

அவளுக்குப் பதினாறு நாள் துக்கம் முடியுமுன்பே ஜீவனக் கவலை வந்துவிடுகிறது. களையெடுப்பு இருந்தால் களையெடுப்பு, இல்லையேல் நூறு நாள் வேலை, அதுவும் நின்ற மாதங்களில் மணப்பாறைக்குப் போய் முறுக்குச் சுற்றுவது. (அந்த முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை ஊரே கொண்டாடிற்று, சுற்றுகிறவளின் கூலியைப் பற்றி எவரும் பிரஸ்தாபிக்கவில்லை.) இருக்கிற அரை ஏக்கரும் மாமனார் பெயர்ப் பட்டாவிலேயே கிடக்குமாயின், கொழுந்தனார் மனம் வைக்கும்வரை அவள் அதில் குடியிருப்பவள் மாத்திரமே.

அரசு உதவவில்லையென்று கூறுவது அநியாயம். ஆதரவற்ற விதவைகளுக்கான ஓய்வூதியத்தைத் தமிழ்நாடு 1975லேயே தொடங்கிவிட்டது. 2011இல் ஆயிரம் ரூபாயாயிருந்தது 2023இல் 1,200 ஆயிற்று. மத்திய அரசின் திட்டத்திலோ நாற்பது வயது நிரம்பினாலன்றி இடமில்லை. 2012இல் அது நிர்ணயித்த முந்நூறு ரூபாய், விலைவாசி எங்கெங்கோ ஏறிய பின்பும் முந்நூறாகவே நிற்கிறது. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு விதிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்தக் கணக்குப்படி மாநிலத்தின் 1,200 ரூபாய் மாத ஓய்வூதியமும் நான்கு நாட் கூலியைக்கூட எட்டவில்லை. அதைப் பெறுவதற்கோ இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியை விட்டு அலைகிறாள். ஒன்றில் கணவன் பெயருக்கு முன்னெழுத்து மாறியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இங்கிலாந்துக் கிராமத்துக் கூலிக்காரனின் விதவையும் இத்தகைய அலைச்சலை அறிந்தவளே. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் ஒவ்வொரு திருச்சபைப் பங்கிலும் வரி வசூலித்து உதவி வழங்க மேற்பார்வையாளரை நியமித்தது. ஆயினும் கணவன் எந்தப் பங்கைச் சேர்ந்தவனோ அங்கேதான் அவள் கேட்கலாம், பிறந்த ஊரில் கை நீட்டினால் கணவனின் பங்குக்கே திருப்பி அனுப்பப்படுவாள். 1834க்குப் பிறகு ஏழையர் விடுதியின் பயமும் சேர்ந்துகொண்டது. 1925ஆம் ஆண்டின் சட்டத்தால்தான், கணவன் செலுத்திய சந்தாவின் பேரில் வாரம் பத்து ஷில்லிங் அவளுடைய உரிமையாயிற்று. அதற்குமேல் அவள் தன் வறுமையை எவர் முன்னும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

நிரூபிக்கும் சுமையை இங்கும் குறைக்கலாம். நம் கிராமங்களில் மரணத்தைப் பதிவு செய்கிறவர் கிராம நிர்வாக அலுவலர். விதவையின் மனு முதலிற் போவதும் அவரிடமே; வாரிசு யார் யாரென விசாரிப்பதும், பட்டாவின் கணக்கை வைத்திருப்பதும் அவரே. அங்ஙனமிருக்க, மரணத்தைத் தாமே பதிவேட்டில் எழுதிய மனிதர், அந்தச் செய்தியைத் தமக்கே நிரூபித்துக் காட்டும்படி அவளைக் கேட்பது விசித்திரமான சம்பிரதாயம். மரணம் பதிவான அன்றே ஓய்வூதிய மனுவும் வாரிசுச் சான்று மனுவும் பட்டா மாறுதல் மனுவும் அவர் கையாலேயே தொடங்கப்பட வேண்டும். தகுதியில்லையென்றால் அதை எழுதி மறுக்கும் பொறுப்பும் அலுவலகத்தைச் சார்ந்ததாக வேண்டும். திருச்சி மாவட்ட நிர்வாகம் இதனை வையம்பட்டி ஒன்றியத்திலேயே தொடங்கிப் பார்க்கலாம். இதற்குப் புதிய சட்டமும் வேண்டாம், புதிய அலுவலரும் வேண்டாம்.