வீட்டுத் தோட்டம்: காசு கொடுத்து வாங்கிய செடியை வெட்டுவதா?

உதகைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பையில் மூன்று சாமான்கள் தவறாமல் இருக்கும்: நீலகிரித் தைலம், வர்க்கி, ஈரத் துணியில் சுற்றிய ஏதோ ஒரு செடி. முதல் இரண்டும் விழுப்புரம் வந்து சேர்ந்த பிறகும் சௌக்கியமாகவே இருக்கும். மூன்றாவதுதான் பத்து நாளில் முகம் வாடி, ஒரு மாதத்தில் வெறும் குச்சியாகி, வளர்த்தவளின் மனத்தைச் சங்கடப்படுத்தும்.

திண்டிவனத்துச் சகோதரி ஒருவர், ராஸ்ப்பெர்ரிக் குச்சிகளைத் தபாலில் தருவித்து நடப் போவதாகவும், அவற்றை எப்படிக் காப்பாற்றுவது என்றும் கேட்டிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. ராஸ்ப்பெர்ரி குளிர்தேசத்துச் செடி. அதன் ரகங்களில் பல, பல நூறு மணி நேரம் 7 டிகிரிக்கும் குறைந்த குளிரில் தூங்கி எழுந்தால்தான் நன்றாகப் பூக்கும். அதன் உறவுக்காரச் செடிகள் சில நீலகிரியிலும் கொடைக்கானலிலும் முள்ளும் பழமுமாகத் தாமே வளர்கின்றன. நம் ஊரிலோ மார்கழி விடியலில் கோலம் போடப் போகும்போதுகூட ஒரு சால்வை இருந்தால் போதும். அந்தக் குளிரில் ராஸ்ப்பெர்ரிக்குத் தூக்கம் வராது. சித்திரை வெயிலில் உயிர் தங்காது.

அதற்காக ஆசையை அடக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய அதே உருவம், இனிப்பும் புளிப்பும் கலந்த ருசி, நம் வெயிலைத் தாங்கும் உடம்பு எல்லாம் கொண்ட மல்பெரி இருக்கிறதே! முசுக்கொட்டை என்றும் சொல்வார்கள். பட்டுப் புழு தின்பது இதன் இலையைத்தான். பழம் பறித்த மறுநாளே கசிந்துவிடும். ஆகவே கடைத்தெருவுக்கு வருவது அபூர்வம். செடி உள்ள வீட்டுக் குழந்தைகளுக்குத்தான் அந்தப் பாக்கியம்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பட்டுப் புழுவுக்காக வளர்க்கும் ரகங்களை இலைக்காகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்; பழத்துக்கான ரகம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். நாலு பழம் தொங்குகிறதே என்று மயங்கிவிடாதீர்கள். தண்டு பென்சில் பருமனுக்காவது இருக்கிறதா, அடியில் இரண்டு மூன்று மொட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

நடுவதற்கு ஆடியும் ஆவணியும் நல்ல மாதங்கள். ஐப்பசி மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். வாங்கி வந்த அன்றே நட வேண்டாம். ஒரு வாரம் அரைநிழலில் வைத்து வீட்டு வெயிலுக்குப் பழக்குங்கள். சுவரிலிருந்தும் தண்ணீர்க் குழாயிலிருந்தும் பத்தடி தள்ளி, ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய சாணி எருவைக் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணி கூடாது. பையைப் பிளேடால் கிழித்து, மண்கட்டி உடையாமல், பையில் இருந்த அதே ஆழத்தில் நட வேண்டும். துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கம் மட்டும் வேண்டாம். பழச்சாறு பட்ட வெள்ளை வேட்டிக்கு அப்புறம் யார் பதில் சொல்வது?

இனிமேல்தான் கையும் மனமும் நடுங்கும் கட்டம். நட்ட அன்றே செடியை ஓரடி உயரத்துக்குக் கத்தரித்துவிட வேண்டும். "காசு கொடுத்து வாங்கியதை வெட்டுவதா?" என்று மாமியார் கேட்கலாம். இடம் மாறிய வேரால் அத்தனை இலைக்கும் நீர் அனுப்ப முடியாது. சுமையைக் குறைத்தால் உள்ள பலம் அடிமொட்டுகளுக்குப் போகும்; ஒரு குச்சி நின்ற இடத்தில் மூன்று கிளைகள் வரும். முதல் இரண்டு மாதத்தில் காணும் பிஞ்சுகளையும் கிள்ளிவிடுங்கள்.

செடி சாவது பெரும்பாலும் நம் அதிகப்படியான அன்பினால்தான். காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள்; ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். மழைக் காலத்துக்கு முன் செடியடியில் மண்ணை அணைத்து மேடாக்கி, நீர் ஓட வாய்க்கால் கீறிவிடுங்கள். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! அப்படிப்பட்ட மழையில் பள்ளத்தில் நட்ட இளஞ்செடி கிணற்றில் விழுந்த கதைதான்.

கோடைக்கு மூடாக்கு அவசியம். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் திண்டிவனத்தில் மல்லாட்டைத் தோலுக்கா பஞ்சம்? பருப்பு தங்காத காய்ந்த தோலை இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பி, தண்டிலிருந்து ஒரு சாண் விட்டுவிடுங்கள். நுனி இலை சுருண்டு எறும்பு ஊர்ந்தால் மாவுப்பூச்சி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நுனியை நறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஒரு வருஷம் ஆனதும் மறுபடி கத்தரிக்கோல் வேண்டும். பழம் பறித்து முடிந்தபின் கிளைகளை மூன்றடிக்குக் குறைத்து, மிச்ச இலைகளை உருவி, எருவும் நீரும் கொடுங்கள். புதுத் துளிரோடு பழமும் வரும். புதுக் கிளையில்தான் இந்தச் செடி காய்க்கும். வெட்டத் தயங்கும் வீட்டில் அது உயரமாக வளர்ந்து காக்கைக்கும் குயிலுக்கும் விருந்து வைக்கும்.

"நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம், அடுத்த வருஷம் எங்கேயோ?" என்கிறீர்களா? கவலை வேண்டாம். அடியில் துளையிட்ட பெரிய தொட்டியிலும் இது வளரும். தரையில் நட்டிருந்தால், வீடு மாறும்போது முற்றிய கிளையிலிருந்து நாலு மொட்டுள்ள ஒரு சாண் குச்சிகள் சிலவற்றை வெட்டி ஈரத் துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். புது வீட்டில் ஒரு மொட்டு வெளியே தெரிய நட்டுவைத்தால், அவற்றில் ஒன்றிரண்டாவது துளிர்க்கும். செடியை இங்கே வருகிறவளுக்கு விட்டுச் செல்லுங்கள். கத்தரிக்கத் தயங்க வேண்டாம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.